கவர்னரின் வாய்

போன மாதம் எங்கள் அத்தான் காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டில், அதுதான் நினைவுப் புத்தகத்தில், போடுவதற்கு அவருடைய இளவயதுப் படம் ஒன்றுதான் அகப்பட்டது. அதுவும் வாய்க்குக் குறுக்காகக் கிழிந்த படம். மருமகன் பக்கத்து ஊரான விட்பியில் இருந்தபடியே அதைத் தன் போனுக்குள் போட்டு, நான் தேத்தண்ணி குடித்து முடிக்கமுதல் கிழிசலே இல்லாமல் அனுப்பிவிட்டான். வடிவான படம். அத்தான் பல்லுத் தெரியாமல் மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உது ஆற்றை வாய்?" என்று கேட்டேன்.

"அது தானாய் நிரப்பினது மாமா. நல்லாய்த்தானே இருக்கு?"

"நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் அத்தான்ரை வாய் இல்லை."

அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, அந்தக் காலத்தில் அத்தான் வாயை எப்படி வைத்திருப்பார் என்று கேட்டேன். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "அந்த மனிசன் எப்பயடா வாயை மூடினது?" என்றாள்.

மருமகனுக்கு என்னில் கோபம். ஒரு வாய்க்கு இவ்வளவு ஆக்கினையோ என்று கேட்டான். அவனோடு வேலை செய்கிற பிள்ளைகளும் அதையே கேட்டார்களாம். அவர்களுக்கான பதில் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படம் திருத்துகிறவன். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் தொழில் பழகினேன். அங்கே முக்கால்வாசி வேலை செத்தவர்களின் படம்தான். அடையாள அட்டையில் இருக்கிற முகத்தைப் பெருப்பித்து, சுருக்கத்தை எடுத்து, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, கடைசியாக வாயின் இரண்டு ஓரத்தையும் ஒரு நூலளவு மேலே தூக்கிவிடுவோம். "வீட்டுச்சனம் நெடுக அழுதுகொண்டு பாக்கப்போகுது, படமாவது சிரிக்கட்டும்" என்பார் முதலாளி. ஏழு வருடம் அப்படித் தூக்கித் தூக்கியே என் கை பழகிப்போனது.

ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு படக் கூடத்தில் எனக்கு மறுபடியும் தூரிகை கிடைத்தது. அங்கே எனக்கு மேலாக இருந்தவர் ஹலினா என்ற போலந்துக்காரி. வாயில் எந்நேரமும் பெப்பர்மின்ற். படத்தை அவர் தலைகீழாக வைத்துத்தான் பார்ப்பார். முகம் என்று பார்த்தால் மனம் இரங்கிவிடும், தலைகீழாகப் பார்த்தால் கறுப்பும் சாம்பலும் மட்டும் தெரியும் என்பது அவருடைய நியாயம். பிழை கண்டால் அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியை வைத்து, படத்தை மேசையின் இடது பக்கம் தள்ளுவார். சரியென்றால் வலது பக்கம். 'நல்லாயிருக்கு' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. முதல் நாள் எனக்குச் சொன்ன புத்திமதியும் ஒன்றேயொன்றுதான்: "தெரியாத இடத்தைத் தொடமுதல் கேள்."

வேலை நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கொண்டுவருகிற பழைய படத்தில் நாங்கள் கை வைப்பதில்லை. அதை இருட்டறைக்காரர் படம் எடுத்து, மங்கலான தாளில் பெரிதாக அடித்துத் தருவார். நாலைந்து மயிர் மட்டும் உள்ள தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கி, தண்ணீரில் கரைத்த சாயத்தை நான் புள்ளி புள்ளியாக வைப்பேன். கோடு போடவே கூடாது. ஒரு விரல் நீளக் கிழிசலுக்கு ஒரு நாள் போகும். சாயம் தாளுக்குள் இறங்கினால் திரும்பி வராது, பிழைத்தால் புதுத் தாள்தான். நான் முடித்ததை இருட்டறைக்காரர் திரும்பப் படம் எடுத்துக் கடைசிப் பிரதியை அடிப்பார். அதன் பின்பக்கத்தில் அவரும் நானும் ஆளுக்கு இரண்டு எழுத்தைப் பென்சிலால் எழுத வேண்டும். முறைப்பாடு வந்தால் ஆரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக அந்த ஒழுங்கு.

இருட்டறைக்காரரின் பெயர் பாவோ. வியட்நாமியர், என் வயதுதான். மத்தியானத்தில் என் சம்பலை அவர் சாப்பிடுவார், அவருடைய மீன் சோஸில் நான் சோற்றைத் தோய்ப்பேன். உறைப்பு எங்களைச் சிநேகிதர் ஆக்கியது. அவரும் நானும் ஹலினாவும் மூன்று விதமான உடைந்த இங்கிலீசில் கதைத்துக்கொண்டோம். அதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மாரிக் குளிருக்குள் எனக்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. மனிசி மலரும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்கு நேர்முகத் திகதி வந்துவிட்டது, மூன்று கிழமைதான் இடையில். எனக்கு நிரந்தர வேலை என்று எழுதிய கடிதம் இல்லாமல் மலர் அங்கே போய்ப் பிரயோசனமில்லை. நானோ இன்னும் தற்காலிகம். முதலாளி கொம்பியூட்டர் வாங்கப்போகிறார், படம் திருத்துகிற இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று ஒரு கதையும் உலாவியது. ஹலினாவிடம் கேட்டேன். "அடுத்து வாற பெரிய வேலையைப் பாப்பம். அது சரி வந்தால் நானே எழுதிக் கையெழுத்து வாங்கித் தாறன்" என்றார்.

அடுத்து வந்த பெரிய வேலைதான் கவர்னர்.

அவருடைய மகள் லான் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். நாலாக மடித்து, ஒரு சட்டையின் விளிம்புக்குள் வைத்துத் தைத்து, கடல் கடந்து வந்த படம். மைக்குக்கு முன்னால் நிற்கிற ஒரு மனிதர். நாலு மடிப்பும் சந்திக்கிற இடம் சரியாக வாய். அங்கே தாளே இல்லை, வெள்ளை மட்டும். தென் வியட்நாமில் யுத்த காலத்தில் ஒரு மாகாணம் அவருடைய பொறுப்பில் இருந்ததாம். அதனால் நாங்கள் கூடத்தில் அவரைக் கவர்னர் என்றே சொன்னோம். கடைசிக் காலத்தில் ரொறன்ரோவில் பாரிசவாதம் வந்து வாய் கோணிப்போனதால் பிந்திய படங்களும் உதவாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் திவசம். அதற்குமுதல் பெரிய படமாக வேண்டும்.

"எங்கட ஆக்களில பாதிப்பேர் இவருக்கு ஊதுபத்தி கொளுத்துவினம், மற்றப் பாதி காறித் துப்புவினம்" என்றார் லான். "அகதியளுக்கு அரிசி குடுத்ததும் இவர்தான். இவற்றை கையெழுத்தில பிடிபட்டுப் போன பெடியளும் இருக்கினம். எனக்கு நல்லவராயும் வேண்டாம், கெட்டவராயும் வேண்டாம். என்ரை அப்பாவாய் வேணும்."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய ஒரேயொரு கேள்வியை நான் கேட்கவில்லை. என் மனமெல்லாம் கலண்டரில் கிடந்தது. பாவோ அந்தப் படத்தை இருட்டறைக்குக் கொண்டுபோனதையும், வெளியே வந்து கை கழுவக் கனநேரம் எடுத்ததையும் கண்டேன். ஏன் என்று அதையும் கேட்கவில்லை.

இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் புள்ளி வைத்தேன். நெற்றி, கன்னம், கழுத்துப்பட்டி எல்லாம் சரியாக வந்தன. வாயில் என் கை தன் பழக்கத்துக்குப் போனது. இரண்டு ஓரமும் ஒரு நூலளவு மேலே. ஹலினா தலைகீழாக வைத்துப் பார்த்தார். பெப்பர்மின்ற் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாறியது. படம் வலது பக்கம் போனது. எனக்கு விமான நிலையத்தில் பிள்ளைகளைக் கண்டதுபோல இருந்தது.

பாவோ அதை நேராகப் பார்த்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"இந்த வாயை ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்கள் ஊரில இப்பிடித்தான் வைக்கிறது."

"என்ரை அண்ணனைக் கொண்டுபோகச் சொல்லிக் கையெழுத்து வைச்சது இந்த ஆள். அவனுக்குப் பத்தொன்பது வயசு. பிறகு வரவேயில்லை. நீ இந்த ஆளை எல்லாருக்கும் தாத்தாவாக்கிப் போட்டாய், சிவா."

நானும் என் பெட்டியை மூடிவிட்டேன். ரொறன்ரோவில், பார்க்டேல் பக்கம், நாங்கள் நாலு பேர் இருந்த அறையிலும் ஒரு தலைவரின் படம் இருந்தது. ஒருவர் அதைச் சுவரில் ஏற்றுவார், இன்னொருவர் இறக்கிக் கட்டிலுக்குக் கீழே வைப்பார். இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது, இரண்டு பேரும் ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். ஆனபடியால் பாவோ சொன்னது எனக்கு விளங்காத விசயம் இல்லை. விளங்கியும் நான் செய்ததுதான் மோசம்.

ஹலினாவிடம் போய், வாயில் ஒரு பிழை கண்டுவிட்டேன் என்று சொல்லிப் புதுத் தாள் கேட்டேன். வலது பக்கம் போனதைத் திருப்பிக் கேட்கிற ஆளை அவர் முன்பு கண்டிருக்க மாட்டார். ஒரு தாளை உருவித் தந்தார். இந்தமுறை ஓரங்களைக் கீழே இறக்கினேன், உதட்டை மெலிதாக்கினேன். பாவோ அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் என்னோடு திரும்பச் சாப்பிட வேண்டும் என்பதற்காக நானாகச் செய்தேன்.

புதன்கிழமை லான் பார்க்க வந்தார். முகம் வெளிறிவிட்டது.

"இது பேப்பரில கீறின வாய்" என்றார். "அவரைப் பிடிக்காத ஆக்கள் கேலிப் படத்தில இப்பிடித்தான் கீறுறவை. உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஒரே கிழமையில் இரண்டு பேர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஹலினா படத்தை எடுத்து, தீக்குச்சிகூட வைக்காமல் இடது பக்கம் தள்ளினார். லான் போனபிறகு, "இன்னொரு தாள். அதோட சரி. கடிதத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை கதைப்பம்" என்றார்.

அன்றிரவு மலர் கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். "என்னப்பா, கடிதம் எடுத்தாச்சே?"

"வெள்ளிக்கிழமை தருவினம்."

"உங்கடை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் பிழைச்சுப்போச்சே?"

"இல்லையப்பா. குளிர்." கட்டின மனிசிக்கு அப்படி வாய்கூசாமல் பொய் சொன்னது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

பயத்தில் இரண்டு முறை இரண்டு வாய் வைத்துவிட்டேன். மூன்றாவதை வைக்க எனக்குக் கை ஓடவில்லை. ஹலினாவின் புத்திமதி அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் புதுத் தாளில் வாயைத் தவிர மற்ற இடமெல்லாம் முடித்துவிட்டு, வேலையால் ஒரு மணித்தியாலம் முன்னதாக இறங்கி, இரண்டு பஸ் மாறி ரெக்ஸ்டேலில் லானின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஒரு சின்னப் பீடம். தோடம்பழங்கள், ஊதுபத்தி, நடுவில் படத்துக்கு விட்ட வெற்றிடம். என்னைக் கண்டதும், வேலை முடியாது என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பயந்துபோனார்.

"கேட்க வேண்டியதை முதல்நாள் கேட்காமல் விட்டிட்டன்" என்றேன். "உங்கடை அப்பா வாயை எப்பிடி வைச்சிருப்பார்?"

லான் பீடத்தின் வெற்றிடத்தைப் பார்த்தார். முன்பல்லு ஒன்று உடைந்திருந்ததால் அப்பா வாய்விட்டுச் சிரிப்பதில்லை என்றார். உதடு இரண்டும் மூடி, இடது ஓரம் மட்டும் கொஞ்சம் உள்ளே இழுபட்டிருக்கும். வாய்க்குள் ஒரு வத்தகப்பழ விதையை ஒளித்து வைத்திருக்கிற ஆள் மாதிரி. தானே அப்படி வைத்துக் காட்டிவிட்டு அழுதார். "திவசத்தண்டைக்குச் செத்த ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு வைப்பம். வேற ஆற்றையும் முகத்தை வைச்சால் வேற ஆரோதான் வந்து சாப்பிட்டிட்டுப் போவினம்."

ஆனால் மகள் சொன்ன வாய் மகளுடைய வாய்தானே. அதை மட்டும் நம்பி வைத்தால் நான் மறுபடியும் ஒரு பக்கம் சாய்ந்தவன் ஆவேன். வெள்ளி காலை விடிந்ததும் விடியாததுமாய் இருட்டறைக் கதவைத் தட்டினேன். சிவப்பு விளக்கில் பாவோ தட்டத்தில் தாளை ஆட்டிக்கொண்டு நின்றார். லான் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் வெளியே விடவில்லை.

"பாவோ, நீ அந்த ஆளை நேரில பாத்திருக்கிறியோ?"

அவர் தட்டத்தை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒருக்கால்" என்றார். "அண்ணனைத் தேடி அம்மாவும் நானும் மூண்டு நாள் அரசாங்கக் கந்தோர் வாசலில நிண்டம். மூண்டாம் நாள் உள்ளுக்குக் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கதிரை குடுத்தார், தண்ணி குடுத்தார். அம்மா அழுது முடியுமட்டும் இருந்து கேட்டார். நான் அவற்றை வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். அதுக்குள்ளயிருந்து என்ன சொல் வரப்போகுதெண்டு."

"எப்பிடி வைச்சிருந்தார்?"

பாவோ தன் உதட்டை மூடினார். இடது ஓரத்தை உள்ளே இழுத்தார். "இப்பிடி. ஏதோ ஒரு சின்னச் சாமானை உள்ளுக்கு வைச்சிருக்கிற மாதிரி. கீழ் உதட்டுக்குக் கீழ ஒரு பள்ளம் விழும். பிறகு, விசாரிக்கிறன் எண்டார். அவ்வளவுதான்."

அந்த மனிதரை அப்பா என்றவரும், அவரால் அண்ணனை இழந்தவரும், ஒரே வாயைக் காட்டியிருக்கிறார்கள். நல்ல வாயுமில்லை, கெட்ட வாயுமில்லை. மகளும் அதே வாயைத்தான் காட்டினார் என்று சொன்னேன். நான் புள்ளி வைக்கத் தொடங்கியபோது பாவோ வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு" என்றார். பிறகு, "காணும், இனிப் போதும்."

பின்னேரம் கடைசிப் பிரதி காய்ந்து வந்தது. என் இரண்டு எழுத்தை எழுதுவதற்காகப் பின்பக்கம் திருப்பினேன். பாவோ தன் எழுத்தை எழுத வேண்டிய இடத்தில் ஒரு முழுப்பெயர் இருந்தது. வியட்நாம் எழுத்துக்குரிய குறிகளெல்லாம் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல நிதானமாக. ஆருடைய பெயர் என்று கேட்கத் தேவையில்லை. அதை இங்கே எழுத எனக்கு உரிமையும் இல்லை.

அழிறப்பர் கைக்கெட்டின தூரத்தில் கிடந்தது. ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், மலரும் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். கையில் எடுத்தும்விட்டேன். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என் இரண்டு எழுத்தையும் எழுதினேன்.

ஹலினா தலைகீழாக வைத்துப் பார்த்தார். பிறகு, நான் அறிய முதல்தடவையாக, நேராக வைத்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். அந்தப் பெயரில் அவருடைய கண் நின்றது. இருட்டறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தை வலது பக்கம் தள்ளினார். மேசை லாச்சியை இழுத்து, உள்ளே இருந்த ஒரு கடித உறையைக் காட்டி, "முதல்ல லான் வந்து படத்தை எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று சொல்லி லாச்சியை மூடினார்.

நாலு மணிக்கு லான் வந்தார். படத்தைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "பா" என்றார். அது அவர்கள் தகப்பனைக் கூப்பிடுகிற சொல்.

"இந்தப் பள்ளம்" என்று கீழ் உதட்டுக்குக் கீழே காட்டினார். "இதை நான் உங்களுக்குச் சொல்லேல்லையே. நானே மறந்துபோனன். எப்பிடித் தெரியும்?"

நான் வாயைத் திறக்கமுதல் அவர் படத்தைத் திருப்பிவிட்டார். பெயரை வாசித்தார். "இது ஆர்? பிறிண்ட் போட்டவரோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். ஹலினாவின் கை லாச்சியில் இருந்தது. இருட்டறைக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. கொழும்பு லொட்ஜில் பெட்டி கட்டிவைத்துக்கொண்டு இருக்கிற மூன்று பேரும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"இல்லை" என்றேன். "பிறிண்ட் போட்டவற்றை அண்ணன். அவரைத் தேடி அவற்றை அம்மா உங்கடை அப்பாவிட்டை வந்தவ. விசாரிக்கிறன் எண்டு சொல்லி அனுப்பினவராம். பெடியன் திரும்பி வரேல்லை. அந்தப் பள்ளத்தைச் சொன்னது பிறிண்ட் போட்டவர்தான். வேண்டாமெண்டால் அழிச்சுத் தாறன்."

லான் படத்தைப் பிடித்தபடி நின்றார். கத்துவார் என்று நினைத்தேன், படத்தை மேசையில் எறிந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன்.

அவர் இருட்டறைக் கதவின் பக்கம் திரும்பினார். அந்தப் பெயரை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பீடத்துக்கு முன்னால் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் வாசித்தார்.

உள்ளே குழாய் நின்றது.

லான் கதவை நோக்கித் தலை குனிந்தார். பிறகு எங்களிடம், "அழிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைப்பன்" என்று சொல்லிவிட்டுப் படத்தைக் கொண்டுபோனார். ஹலினா கடித உறையை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, பெப்பர்மின்ற் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டார்.

கதவு திறக்க நேரம் எடுத்தது. பாவோவின் கை ஈரமாக இருந்தது, முகமும்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அம்மா செத்தாப் பிறகு, என்னைத் தவிர வேற ஆரும் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். "முதல் ஆளாய் அந்த மனிசன்ரை மோள் சொல்லிப்போட்டுப் போறாள்."

பிறகு என் சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டி, சம்பல் மிச்சம் இருக்கோ என்று கேட்டார்.